பானைத் தலை, எண்ணெய்த் தலை: ஒரு திமிங்கலத்துக்கு ஐரோப்பா வைத்த பெயர்கள்

1598ஆம் ஆண்டு பிப்ரவரி 3 அன்று, நெதர்லாந்தின் கட்வெய்க் ஊரை அடுத்த பெர்க்ஹெய் மணற்கரையில் ஒரு திமிங்கலம் ஒதுங்கியது. ஹார்லெம் நகரத்து ஓவியர் ஹென்ட்ரிக் கோல்ட்சியுஸ் அதை வரைந்தார். அவர் மனைவியின் முந்தைய மணத்து மகனும் அவரிடமே தொழில் கற்றவருமான யாகோப் மாத்தம், அந்த ஓவியத்தைச் செப்புத் தகட்டில் செதுக்கி அச்சிட்டார். விலங்கு சரிந்து கிடக்க, சுற்றிலும் வேடிக்கை பார்க்க வந்த கூட்டம். துடுப்பு கண்ணுக்கு மிக அருகே வந்துவிட்டதால் காது போலத் தோன்றுகிறது. ஆனால் தலையில் பிசகு இல்லை. உடல் நீளத்தில் மூன்றில் ஒரு பங்கை அடைத்துக்கொண்ட அந்த மழுங்கிய, பருத்த தலையைப் பார்த்தவர்கள் மறந்திருக்க முடியாது.

டச்சு மொழியில் அந்த விலங்குக்குப் பெயர் 'பொட்விஸ்'. 'பொட்' என்றால் பானை. 'விஸ்' என்றால் மீன். ஜெர்மானியர் அதையே 'பொட்வால்' என்கிறார்கள். இந்த 'வால்' நம் வால் அன்று. திமிங்கலத்தைக் குறிக்கும் பழைய ஜெர்மானியச் சொல். ஆங்கிலத்தின் 'வேல்', நார்ஸ் மொழியின் 'ஹ்வால்ர்' எல்லாம் அதன் உடன்பிறப்புகள். ஆக, பானை மீன் அல்லது பானைத் திமிங்கலம்.

ஆங்கிலத்தில் 'ஸ்பெர்ம் வேல்' எனப்படுவது இதுதான். பற்களுள்ள திமிங்கலங்களில் மிகப் பெரியது. ஆண் விலங்கு 16 மீட்டர் வரை வளரும். தமிழில் இதற்கு எண்ணெய்த் திமிங்கலம் என்ற பெயர் வழங்குகிறது. இலங்கையின் திருகோணமலைக் கடலில் இதைக் கூட்டமாகக் காணலாம் என்பதால் நமக்கும் தூரத்து விலங்கன்று. ஆங்கிலப் பெயரை அப்படியே பெயர்த்து 'விந்துத் திமிங்கலம்' என்று எழுதுவோரும் உண்டு. அது எனக்கு உடன்பாடில்லை. ஓர் இடைக்காலத் தவறைத் தமிழுக்குள் குடியேற்றுவதாகவே அது முடியும். அந்தத் தவறின் கதையைப் பிறகு பார்ப்போம்.

ஐரோப்பிய மொழிகளில் இந்த ஒரு விலங்குக்கு இருக்கும் பெயர்களை அருகருகே வைத்துப் பார்த்தால் ஒன்று புலப்படுகிறது. பெயர் வைத்தவர்கள் எங்கே நின்று பார்த்தார்கள் என்பதை ஒவ்வொரு பெயரும் சொல்லிவிடுகிறது. மூச்சைப் பார்த்தவர்கள், பல்லைப் பார்த்தவர்கள், மணலில் கிடந்த தலையைப் பார்த்தவர்கள், விலங்கையே பார்க்காமல் மருந்துக் கடையின் சாடியை மட்டும் பார்த்தவர்கள் என அதில் பல வகையினர்.

டச்சுக்காரர்களும் ஜெர்மானியர்களும் நின்ற இடம் கடற்கரை. அதற்குக் கடலின் அமைப்பே காரணம். எண்ணெய்த் திமிங்கலத்தில் பெண்களும் குட்டிகளும் வெப்பக் கடல்களிலேயே தங்கிவிடுகின்றன; குட்டிப் பருவம் கடந்த ஆண்கள் மட்டுமே குளிர்ந்த வடக்குக் கடல்களுக்குப் போகின்றன. ஆயிரம் மீட்டருக்கும் கீழே மூழ்கிக் கணவாய் தேடும் விலங்கு வழி தவறி வட கடலுக்குள் நுழைந்தால், தெற்கே போகப் போக ஆழம் குறைந்து மணல் மேடாகும் அந்தப் பொறியிலிருந்து அது மீள்வது அரிது. 2016ஆம் ஆண்டு ஜனவரி, பிப்ரவரி மாதங்களில் மட்டும் அங்கே 30 எண்ணெய்த் திமிங்கலங்கள் ஒதுங்கின. எல்லாமே இளம் ஆண்கள். கோல்ட்சியுஸ் காலத்திலும் இதே கதைதான். 1601 டிசம்பரில் பெவெர்வெய்க் அருகே இன்னொன்று ஒதுங்க, அதையும் யான் சான்ரெடம் செதுக்கி அச்சிட்டார். நீந்தும் விலங்கை அறியாமல், இறந்த உடலை மட்டுமே கண்ட மக்கள் அதன் தலைக்குப் பானை என்று பெயர் வைத்ததில் வியப்பில்லை. அட்லாண்டிக்கின் மறுகரையில் நியூஃபவுண்ட்லாந்து மீனவர்கள், உருண்டைத் தலையுள்ள வேறொரு சிறு திமிங்கலத்தை இன்றும் 'பாட்ஹெட்', அதாவது பானைத்தலையன் என்றே சொல்கிறார்கள். கண்ணுக்கு எட்டிய உவமை இரு கரைகளிலும் ஒன்றுதான்.

ஐஸ்லாந்தின் பெயர் இதைவிட நுட்பமானது. அங்கே இது 'பூர்ஹ்வாலுர்'. 'பூர்' என்பது உணவுப் பொருள்களைச் சேர்த்து வைக்கும் அறை. நம் வீட்டுக் களஞ்சியம் போன்றது. பழைய நார்ஸ் மொழியிலேயே இந்தப் பெயர் இருந்தது. 1250 வாக்கில் நோர்வேயில் எழுதப்பட்ட 'அரசரின் கண்ணாடி' என்ற நூல், தந்தை மகனுக்குச் சொல்லும் பாணியில் ஐஸ்லாந்துக் கடலின் திமிங்கலங்களை வகைவகையாக விவரிக்கிறது. அதில் இந்த விலங்கும் உண்டு. பல்லுள்ளது, சாதுவானது, மனிதரைக் கண்டால் ஒதுங்கிப்போவது என்கிறது அந்நூல். திமிங்கலங்களை அரக்கர்களாகவே வரைந்துகொண்டிருந்த ஐரோப்பாவில், ஒரு விலங்கின் குணத்தை இவ்வளவு நியாயமாக எழுதிய பக்கங்களை நான் மதிப்புடன் படிக்கிறேன். களஞ்சியம் என்ற பெயர் கொழுப்பு நிறைந்த தலையை எண்ணி வைத்ததாக இருக்கலாம். பானை, களஞ்சியம் இரண்டுமே ஒன்றைக் கொண்டிருக்கும் கலங்கள். வெளியே தெரிந்த வடிவத்தோடு உள்ளே இருந்த சரக்கும் பெயர் வைத்தவர்களின் மனத்தில் இருந்திருக்கும் என்றே தோன்றுகிறது.

உள்ளே இருப்பது என்ன? தலையின் மேற்பகுதியில் பெரிய பை ஒன்று உண்டு. பெரிய ஆணிடம் அதில் 1,900 லிட்டர் வரை திரவம் இருக்கும். உடல் வெப்பத்தில் தெளிந்த எண்ணெய் போல இருப்பது, 30 பாகை செல்சியசுக்குக் கீழே குளிர்ந்தால் வெள்ளை வெளேரென்று உறைந்துவிடும். வேதியியல் கணக்கில் இது எண்ணெயைவிட மெழுகுக்கே நெருக்கம்.

மத்தியதரைக் கடல் மக்களின் பெயர்கள் இந்தச் சரக்கை நேராகவே சொல்லிவிடுகின்றன. இத்தாலியில் 'கப்போதோல்யோ': 'கப்போ' தலை, 'ஓல்யோ' எண்ணெய். எண்ணெய்த் தலை. மால்ட்டாத் தீவினர் அதை வாங்கி 'கப்தோல்' என்று தங்கள் நாவுக்கு வளைத்துக்கொண்டார்கள். ஏட்ரியாட்டிக் கடலின் எதிர்க்கரையில் குரோவேஷியர்கள் 'உல்யெஷுரா' என்கிறார்கள். எண்ணெய் என்று பொருள்படும் 'உல்யே'யிலிருந்து வந்த பெயர், ஏறக்குறைய 'எண்ணெய்க்காரி'. அவர்களுக்குப் பக்கத்திலுள்ள ஸ்லோவேனியர்களோ 'கித் கிளவாச்', தலைத் திமிங்கலம் என்று நிறுத்திக்கொண்டார்கள். தமிழில் 'எண்ணெய்த் திமிங்கலம்' என்ற பெயரைப் பார்க்கும்போது அது இந்த மத்தியதரைக் குடும்பத்தோடு சேர்ந்துகொள்வது மகிழ்ச்சியளிக்கிறது.

இனி, மூச்சு. அறிவியல் பெயர் 'ஃபிசெட்டெர் மாக்ரோசெஃபாலுஸ்'. ஸ்வீடன் இயற்கையியலாளர் லின்னேயஸ் 1758இல் வெளியிட்ட 'சிஸ்டெமா நாத்துரே' பத்தாம் பதிப்பிலிருந்து தொடர்வது. இரண்டாம் சொல்லுக்குப் பெருந்தலை என்று பொருள், அதில் சிக்கலில்லை. முதல் சொல் கிரேக்க மொழியில் ஊதுகுழலையும் துருத்தியையும் குறிப்பது. ஊதுவோன் என்று கொள்ளலாம். இன்றைய கிரேக்கரும் 'ஃபிசிதீரஸ்' என்றே அழைக்கிறார்கள். ரோமானிய அறிஞர் பிளினி, கால் நாட்டுப் (இன்றைய பிரான்ஸ்) பெருங்கடலில் பெரிய தூணைப் போல எழும்பி நிற்கும் ஃபிசெட்டெரைப் பற்றித் தம் இயற்கை வரலாற்றில் எழுதினார். பிறகு 1,500 ஆண்டுகள் அந்தச் சொல் ஓர் அச்சத்தின் பெயராகவே வாழ்ந்தது. 1539இல் ஓலாவுஸ் மாக்னுஸ் வெளியிட்ட வடநாட்டுக் கடல் வரைபடத்தில் அது கப்பல்கள்மேல் நீரைப் பொழியும் பூதம். 1552இல் பிரெஞ்சு எழுத்தாளர் ரபெலேயின் நான்காம் நூலில் பாந்தாக்ருயேல் என்ற அரக்க வீரன் ஈட்டியெறிந்து கொல்லும் பிராணி.

பிளினி குறித்தது எண்ணெய்த் திமிங்கலத்தைத்தானா? எனக்கு ஐயமே மிகுதி. எண்ணெய்த் திமிங்கலத்தின் மூச்சுத்துளை தலையின் நுனியில், இடப்பக்கம் ஒதுங்கி இருக்கிறது. அதனால் அதன் மூச்சு முன்னோக்கி, இடப்பக்கம் சாய்ந்து, தாழ்வாகவே கிளம்பும். அனுபவமுள்ள மாலுமிகள் வெகுதொலைவிலிருந்தே சாய்வைக் கொண்டு இனத்தைச் சொல்லிவிடுவார்கள். நிமிர்ந்த தூண் போல மூச்சுவிடுவது துடுப்புத் திமிங்கலம் போன்ற வேறு இனங்களின் வழக்கம். இன்னொரு சான்று, இத்தாலியக் கவிஞர் அரியோஸ்தோவின் 'ஓர்லாந்தோ ஃபுரியோசோ' காவியத்தில் கிடைக்கிறது. அதன் ஆறாம் காண்டத்தில் சூனியக்காரி ஒருத்தி கடல்வாழ் உயிர்களைக் கரைக்கு ஈர்க்கும் காட்சி வருகிறது. அங்கே ஒரே செய்யுளில் எண்ணெய்த்தலையும் ஃபிசெட்டெரும் தனித்தனிப் பிராணிகளாக வரிசையில் நிற்கின்றன. 16ஆம் நூற்றாண்டு இத்தாலியருக்கு இரண்டும் ஒன்றல்ல. ஒன்று கடற்கரைச் சந்தை அறிந்த விலங்கு, மற்றது ஏட்டிலிருந்து வந்தது. பின்னால் வந்த இயற்கையியலாளர்கள் ஏட்டுச் சொல்லைக் கரையொதுங்கிய விலங்கின் தலையில் கட்டினார்கள்.

லின்னேயஸே இதைப் பற்றித் தெளிவாக இல்லை. ஃபிசெட்டெர் என்ற பேரினத்தில் நான்கு இனங்களைப் பட்டியலிட்டார். அவற்றில் 'காத்தோதோன்' என்பது கீழ்த்தாடையில் பல்லுள்ளது என்ற பொருளில் அமைந்த பெயர். அதுவும் 'மாக்ரோசெஃபாலுஸ்' என்பதும் குறித்தது ஒன்றையே: ஒரே விலங்குக்கு இரண்டு பெயர் ஒரே நூலில். எது செல்லும் என்ற வழக்கு இருநூறு ஆண்டுகளுக்கு மேல் ஓடியது. 20ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் 'காத்தோதோன்' செல்வாக்குடன் இருந்தது. 1974இல் லெய்டனைச் சேர்ந்த விலங்கியலாளர்கள் ஹுசோன், ஹொல்தாய்ஸ் இருவரும் 'பெருந்தலை'யே முறையான பெயர் என்று வாதாடினார்கள். 1980களில் ஷெவில் என்ற அமெரிக்க அறிஞர் பல்லின் பக்கம் நின்று மறுத்தார். இன்று பெரும்பாலோர் பெருந்தலையையே ஏற்றிருக்கிறார்கள்.

தலையா பல்லா என்ற இதே வழக்கு, ஐரோப்பாவிலேயே மிக அதிகமாகப் பரவிய பெயருக்குள்ளும் ஒளிந்திருக்கிறது. பிரெஞ்சில் 'கஷலோ', ஸ்பானியத்தில் 'கச்சலோத்தே', போர்ச்சுக்கீசியத்தில் 'கஷலோத்', ரஷ்யனில் 'கஷலோத்', போலந்திலும் ருமேனியாவிலும் அதன் சாயல்கள், டேனிஷில் 'கஸ்கெலோட்', ஃபின்னிஷில் 'கஸ்கெலோத்தி', அயர்லாந்தின் ஐரிஷில்கூட 'கஷலோய்ட்'. லிஸ்பன் துறைமுகத்திலிருந்து ரஷ்யாவின் கிழக்குக் கடல்வரை ஒரு சொல் ஓடியிருக்கிறது. ஆனால் அதன் பிறப்பிடம் இன்னும் உறுதியாகவில்லை.

பிரான்சின் தென்மேற்கு மூலையில் வழங்கும் கஸ்கோன் மொழியில் 'கஷாவ்' என்றால் கடைவாய்ப் பல். கட்டலான் மொழியின் 'கெஷால்' அதற்கு உறவு. அப்படியானால் கஷலோ என்பது பல்லன். இன்னொரு தரப்பு போர்ச்சுக்கீசிய, கலீசிய மொழிகளின் 'கஷோலா'வைக் காட்டுகிறது. மண்டை என்பதற்கான பேச்சுச் சொல் அது. அப்படியானால் பெருமண்டையன். ஸ்பானியச் சொற்பிறப்பியலின் பேரறிஞர் கொரோமினஸ், தோற்றம் ஐயத்துக்குரியது என்று சொல்லிவிட்டு மண்டைப் பக்கம் சாய்ந்தார்.

என் சாய்வு பல்லின் பக்கம். அதற்குக் காரணம் தொழில். கஸ்கோன் பேசும் கரையும் பாஸ்க் கரையும் ஒட்டியவை. பிஸ்கே விரிகுடாவில் ஐரோப்பாவின் முதல் தொழில்முறைத் திமிங்கல வேட்டையைப் பல நூற்றாண்டுகள் நடத்தியவர்கள் பாஸ்குகள். அவர்கள் பிடித்தது, வாயில் பல்லுக்குப் பதில் சீப்பு போன்ற தகடுகள் தொங்கும் இனம். எண்ணெயோடு அந்தத் தகடுகளும் அவர்களுக்கு வருமானம். தகட்டுத் திமிங்கலத்தையே பார்த்துப் பழகியவன், கீழ்த்தாடையில் இருபதுக்கு மேற்பட்ட இணைகளாக, ஒவ்வொன்றும் ஒரு கிலோவரை எடையுள்ள பற்கள் வரிசைகட்டி நிற்பதைப் பார்த்தால், முதலில் எதைச் சொல்லி வேறுபடுத்துவான்? கிரீன்லாந்து மக்களின் சொல்லும் இங்கே நினைவுக்கு வருகிறது. தலைமுறை தலைமுறையாகத் திமிங்கலம் பிடித்த அந்த மக்கள் இதைக் 'கிகுதிலிஸ்சுவாக்' என்கிறார்கள்: பெரிய பற்களை உடையது. ஐரோப்பியச் சொல்லோடு எந்தத் தொடர்பும் இல்லாமல், அதே தொழிலிலிருந்து பிறந்த அதே பார்வை. இது சொற்பிறப்புக்குச் சான்றாகாது என்பதை அறிவேன். வேட்டைக்காரனின் கண் எங்கே போகும் என்பதற்குச் சான்றாகும்.

செக் மொழியின் பெயரை விட்டுவிட மனமில்லை. அங்கே இது 'வோர்வான்'. ரஷ்யனில் அந்தச் சொல்லுக்குக் கடல் விலங்கின் கொழுப்பிலிருந்து காய்ச்சிய எண்ணெய் என்றே பொருள். விலங்கின் பெயரே அன்று. 19ஆம் நூற்றாண்டில் செக் அறிஞர்கள் தங்கள் மொழிக்குக் கலைச்சொற்களைக் கட்டியெழுப்பியபோது ரஷ்யனிலிருந்து நிறைய எடுத்தார்கள். கடலே இல்லாத நாட்டில் எண்ணெயின் பெயர் விலங்காயிற்று. ஆனால் அந்த ரஷ்யச் சொல்லின் வேரை வாஸ்மரின் ரஷ்யச் சொற்பிறப்பு அகராதி பழைய ஸ்வீடிஷ் 'நார்ஹ்வால்' வரை கொண்டுபோகிறது. அது ஒற்றைக் கொம்புள்ள நார்வால், பிண நிறத் திமிங்கலம் என்று விளக்கப்படும் வேறொரு இனம். ஒரு திமிங்கலத்தின் பெயர் எண்ணெயாகக் காய்ச்சப்பட்டு, பிறகு இன்னொரு திமிங்கலமாக உயிர்பெற்றிருக்கிறது. ஹங்கேரியர்களும் கடலற்றவர்கள், அவர்கள் 'ஆம்ப்ராஷ்செத்' என்று வாசனைப் பொருளான அம்பரின் பெயரால் அழைக்கிறார்கள். அம்பர் இந்த விலங்கின் குடலில் உருவாவது.

இப்போது ஆங்கிலப் பெயரின் தவறு. இடைக்கால மருந்துக் கடைகளில் வெண்மையான மெழுகுக்கட்டி ஒன்று விற்கப்பட்டது. லத்தீனில் அதற்கு 'ஸ்பெர்மா செட்டி', அதாவது திமிங்கலத்தின் விந்து என்று பெயர். உறைந்த நிலையில் பார்த்தவர்கள் செய்த ஊகம் அது. உள்காயத்துக்கு அதைக் கொடுத்தார்கள். ஷேக்ஸ்பியரின் 'நான்காம் ஹென்றி' முதல் பாகத்தில், போர்க்களத்துக்கு வந்து இந்த மருந்தைப் பற்றி அளக்கும் அரண்மனைக்காரனைக் கண்டு ஹாட்ஸ்பர் எரிச்சலடைவான். அங்கே சொல் 'பார்மசெட்டி' என்று நாக்கில் தேய்ந்திருக்கிறது. துருக்கியர் 'இஸ்பெர்மெசெத்' என்று, நாம் 'இஸ்கூல்' என்பதைப் போலவே, முன்னால் ஓர் இகரம் சேர்த்துக்கொண்டார்கள்.

தவறு வெகுநாள் மறைந்திருக்கவில்லை. நார்விச் நகரத்து மருத்துவர் தாமஸ் பிரவுன், மக்களிடையே உலவும் பொய் நம்பிக்கைகளை ஆராய்ந்து 1646இல் ஒரு நூல் வெளியிட்டார். நார்ஃபோக் கரையில் ஒதுங்கிய திமிங்கலத்தைப் பற்றிய தனி இயலைப் பின் பதிப்பில் சேர்த்தார். அந்தப் பொருள் தலையிலிருந்து வருவது, எனவே பெயர் பொருந்தாது என்று விளக்கினார். பெண் திமிங்கலத்தின் தலையிலும் அது உண்டு என்பதே போதிய மறுப்பு. ஆனால் அப்போதே பெயர் கடைத்தெருவில் இறங்கிவிட்டது. அதற்குப் பின் வணிகம் அதை விடவில்லை. 18ஆம் நூற்றாண்டில் நியூ இங்கிலாந்தில் இந்த மெழுகால் வார்த்த மெழுகுவத்தி புகையின்றி, நாற்றமின்றி எரிந்தது. 1761இல் அங்கே உற்பத்தியாளர்கள் கூட்டுச் சங்கமே அமைத்து விலையைக் கட்டுப்படுத்த முனைந்தார்கள். 1860இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் ஒளியை அளக்கும் அலகையே இதைக்கொண்டு வகுத்தது: பவுண்டில் ஆறில் ஒரு பங்கு எடையுள்ள, மணிக்கு 120 கிரெய்ன் வீதம் எரியும் இந்த மெழுகின் வத்தி தரும் ஒளி. இவ்வளவு புழக்கத்தில் நீண்ட சொல் தாக்குப்பிடிக்காது. மாலுமிகள் 'செட்டி'யை உதிர்த்துவிட்டார்கள். 1839இல் திமிங்கலக் கப்பல் மருத்துவர் தாமஸ் பீல் தம் நூலுக்குத் தலைப்பு வைத்தபோது, அது 'ஸ்பெர்ம் வேல்' என்றே நின்றுவிட்டது. திமிங்கலம் விழுந்து விந்து மட்டும் நின்றதால், தவறு முன்னிலும் பளிச்சென்று தெரிகிறது. நோர்வே மொழியும் இதையே 'ஸ்பெர்ம்ஹ்வால்' என்று எடுத்துக்கொண்டது.

அமெரிக்க நாவலாசிரியர் மெல்வில்லுக்கு இந்தப் பெயர்க் குழப்பம் நன்றாகத் தெரியும். 1851இல் வெளிவந்த 'மோபி டிக்', திமிங்கலம் என்ற சொல்லுக்குப் பல மொழிகளிலுள்ள வடிவங்களோடுதான் தொடங்குகிறது. 32ஆம் அத்தியாயத்தில், இந்த விலங்கின் பிரெஞ்சு, ஜெர்மன், லத்தீன் பெயர்களை வரிசைப்படுத்திவிட்டு, ஆங்கிலப் பெயர் பொருளற்றது என்றும் சொல்லிவிடுகிறார். சொன்ன பிறகும் நூல் முழுவதும் அதே பெயரையே எழுதுகிறார். 1898இல் ஃபிராங்க் புல்லன் தம் கடல் அனுபவ நூலின் தலைப்பில், கப்பலின் பெயராகக் 'கஷலோ'வைக் கொண்டுவந்தார். அந்தச் சொல் ஆங்கில நூலகங்களில் இடம்பிடித்தது, வாயில் ஏறவில்லை.

அந்தத் தலை எதற்கு என்பது தெரிய 20ஆம் நூற்றாண்டு ஆயிற்று. 1972இல் ஆய்வாளர்கள் நோரிஸும் ஹார்வியும் அதை ஓர் ஒலிக்கருவியாக விளக்கினார்கள். தலையின் முன்முனையில், பிரெஞ்சு உடற்கூற்றாளர்கள் 'குரங்கு மூஞ்சி' என்று பெயரிட்ட இரட்டை உதடுகளில் ஒலி பிறக்கிறது. மெழுகுப் பையின் ஊடே பின்னோக்கிப் போய், மண்டையோட்டில் மோதித் திரும்பி, குவிந்து வெளியேறுகிறது. உயிர்கள் எழுப்பும் ஒலிகளில் இதைவிட வலியது அளக்கப்பட்டதில்லை. இருட்டுக் கடலடியில் இரை தேடுவது அதைக்கொண்டுதான். தங்களுக்குள் சொடுக்கொலிகளால் பேசிக்கொள்வதும் அதனால்தான். பானை, களஞ்சியம், எண்ணெய், விந்து என்று கரையிலிருந்தவர்கள் சொன்ன எந்தப் பெயரிலும் குரல் இல்லை. கரைக்கு வந்து சேர்ந்த உடல்களிடம் அது இருந்திருக்கவும் முடியாது.

போர்ச்சுக்கலின் அசோரஸ் தீவுகளில் 1980கள் வரை திறந்த படகில், கையால் ஈட்டியெறிந்து எண்ணெய்த் திமிங்கலத்தை வேட்டையாடினார்கள். கடைசி வேட்டை 1987இல். அகராதியில் அவர்களுக்கும் 'கஷலோத்' உண்டு. ஆனால் மலைமுகட்டுக் காவல் மாடத்திலிருந்தவர் தொலைவில் சாய்ந்த மூச்சைக் கண்டு வாணத்தைக் கொளுத்தியதும், ஊரில் எழுந்த கூச்சல் 'பலேயா!' என்பதுதான். வெறும் 'திமிங்கலம்'. வேறெதையும் அவர்கள் தேடிப் போகவில்லை. அந்த மாடங்கள் சில இன்றும் இருக்கின்றன. அதே போல் ஒருவர் தொலைநோக்கியுடன் உட்கார்ந்து, சுற்றுலாப் படகுகளுக்குத் திசை சொல்லிக்கொண்டிருக்கிறார்.